மொட்டு கேட்டவள்

"இது புது மரம்மா" என்றார் அந்த மனுஷர்.

சாமுண்டீஸ்வரி மடியில் இருந்த கனகாம்பரத்தைக் கூடையில் கொட்டிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். நெற்றியில் வியர்வை, கழுத்தில் ஒரு சின்ன சிலுவை, கையில் பூதக்கண்ணாடி. வரப்போரம் ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டிருந்தார். பாரிவாக்கத்தில் இவளிடம் வந்து இந்த மரத்தைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு முழு மரியாதையோடு வீடு போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு. அது அவருக்குத் தெரியாது, பாவம்.

"புதுசா? என் மாமியாருக்குக் கண்ணாலம் ஆவசொல்லோ பூத்துக்கினு இருந்த மரம் சார் இது. வெயில்ல வண்டி ஓட்டிக்கினு வந்தது தலைக்கு ஏறிடுச்சா? குந்துங்க, மோரு கொண்டாறேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். "மரம் பழசுதாம்மா. புத்தகத்துலதான் இல்ல. செண்பகம் நூறு பார்த்திருக்கேன். மஞ்சள் இருக்கு, நர்சரியில வெள்ளை இருக்கு. இது ரெண்டும் இல்ல. இலைக்குப் பின்னாடி பாருங்க, பூனை ரோமம் மாதிரி இருக்கு. மாசியில பூக்குது. என் பேர் அருள்தாஸ். காலேஜுல தாவரவியல் எடுக்கறேன், முகப்பேர்ல இருக்கேன். சாராள் டீச்சர் பொண்ணு நிச்சயத்துல பைபிள் மேல இந்தப் பூவை வெச்சிருந்தாங்க. அன்னியிலேர்ந்து இது எங்க இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்."

சாராள் பேர் வந்ததும் சாமுண்டிக்கு முகம் தளர்ந்துவிட்டது. சாராள் ஊர்க்கோடியில் பால்வாடி டீச்சர், இவளுக்கு உயிர்ச் சிநேகிதி. அவள் பெண்ணுக்கு மொட்டு பறித்துக் கொடுத்ததே இவள்தானே!

"நாங்க பால்செண்பகம்னு சொல்லுவோம் சார். இத்த தலையில வச்சிக்கினு சந்தைக்குப் போறதில்ல, விக்கறதில்ல. பொண்ணு நிச்சயத்துக்கு மட்டும்தான். பொண்ணு தானே வந்து கேக்கணும். அம்மா அப்பன் கேட்டா கிடையாது. எந்தச் சாதி, எந்தச் சாமின்னு பாக்கறதும் இல்ல. இந்த ஊட்டு மருமவ குளிச்சிட்டு வந்து, வாயத் தொறக்காம, விரியாத மொட்டா ஒண்ணு பறிச்சி அவ கையில குடுக்கணும். ராவெல்லாம் சொம்புத் தண்ணியில கெடந்து விடிகாலைல விரியும். நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்ன வாங்கினாலும் செல்லும், காஞ்ச பூவயே வச்சிக்கினு போயி பாக்கு வெத்தல மாத்திக்குவாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான்னு எப்டி சொல்றது? மொட்டு வாங்கின பொண்ணுக்கு மொத கொயந்த பொறந்து, அத்த தூக்கியாந்து வேருல பால் ஊத்துற வரைக்கும் மரத்து மேல இரும்பு படக் கூடாது. ஆட்டுக்குத் தழைகூட ஒடிக்க மாட்டோம். அவ வயிறும் மரமும் ஒண்ணுன்னு பேச்சு. ஒருத்திக்குக் கொயந்த பொறக்கும்போது இன்னொருத்தி மொட்டு வாங்கியிருப்பா. அதனால இத்தினி காலத்துல எவனும் கத்தி வச்சதில்ல."

அருள்தாஸ் மோரைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். காயையும் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். ஆவணியில் வருவதாகச் சொல்லி, இரண்டு இலையும் உதிர்ந்த பூ ஒன்றும் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷர்தான். போகிற வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தாமல் போயிருந்தால் இன்னும் நல்ல மனுஷராக இருந்திருப்பார்.

டீக்கடையில் எத்திராஜ் உட்கார்ந்திருந்தார். சாமுண்டியின் புருஷன் தசரதனுக்குக் கூடப் பிறந்த அண்ணன். சந்தோஷம் தாங்காத மனுஷர் யாரிடமாவது சொல்லத்தானே செய்வார்? உங்க ஊர்ல ஒரு அதிசயம் இருக்குங்க, கல்கத்தாவுக்கு எழுதப்போறேன், அங்க இதுக்கெல்லாம் கவர்மெண்டு ஆபீஸ் இருக்கு, ஒரு நாள் வெளிநாட்டுக்காரன்கூட வந்து பார்ப்பான் என்று சொல்லிவிட்டு மசால் வடையும் தின்றுவிட்டுப் போய்விட்டார்.

எத்திராஜ் காதில் விழுந்தது ஒரே வார்த்தை. கவர்மெண்டு.

அந்த மரம் இருந்த இடம் அப்படி. பாகம் பிரித்தபோது சர்வேயர் சங்கிலி போட்டதில் மரம் எத்திராஜ் பக்கத்தில், வரப்பை ஒட்டி விழுந்தது. மொட்டுக் கொடுக்கிற உரிமையை மாமியார் சின்ன மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள், அது சங்கிலிக்குத் தெரியுமா? அருள்தாஸ் வந்தது தொண்ணூற்றிரண்டாம் வருஷம். ஊரைச் சுற்றி நெல் போட்ட கழனியெல்லாம் வெள்ளைக் கல் நட்ட மனையாகிக்கொண்டிருந்தது. எத்திராஜும் தன் பாகத்தை ஒரு புரோமோட்டருக்குப் பேசி முடித்திருந்தார். மனைப் பிரிவுக்குள் போகிற முப்பதடி ரோடு நேராக வந்து மரத்தில் முட்டியது. அதுவரை அவரும் ஊர் வாய்க்குப் பயந்து, பார்க்கலாம் பார்க்கலாம் என்றுதான் தள்ளிக்கொண்டிருந்தார்.

அன்று பொழுது சாய்கிற நேரம் தசரதன் அண்ணனூர் ரயில் ஷெட்டிலிருந்து வந்து, கையில் ஒட்டிய கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். கேழ்வரகுக் களி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. களியில் குழி பறித்துக் குழம்பை ஊற்றும்போது எத்திராஜ் உள்ளே வந்தார்.

"துன்னு, துன்னு. சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். நாளான்னிக்கி காலைல மரத்த அறுக்க ஆளுங்க வராங்க."

தசரதன் கையில் எடுத்த களி கையிலேயே நின்றது. சாமுண்டி கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள்.

"இன்னா மாமா சொல்றீங்க?"

"இன்னா சொல்றேன்? அந்தக் கண்ணாடிக்காரன் கவர்மெண்டுக்கு எயுதப் போறானாம். எயுதினா இன்னா ஆவும்? நாலு பேரு ஜீப்புல வந்து கம்பி வேலி போட்டுட்டு, இது எங்க மரம், மரத்துக்குக் கீய கீற மண்ணும் எங்களுதுன்னு போர்டு வைப்பான். புறம்போக்குன்னு ஆக்கிடுவான். மனையும் போச்சி, ரோடும் போச்சி. நான் தலையில துண்டு போட்டுக்கினு போவணும்."

"அப்டியெல்லாம் மரத்துக்குப் பேரு வச்சிட்டா நெலத்தப் புடுங்குவாங்களா? எவன் சொன்னான்?"

"எவனும் சொல்ல வேணாம். ஏரிக்கரைல தோப்பு போனப்போ இப்டித்தான் மொதல்ல ஒருத்தன் பென்சிலோட வந்தான். எனுக்கு ஞாபகம் கீது."

இந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான். கையில் காகிதத்தோடு ஒருவன் வந்து நிலத்தைப் பார்த்தால் நிலம் போகப்போகிறது என்று அர்த்தம். புரொபசர் மரத்தைக் காப்பாற்றத்தான் எழுதுவார் என்று எத்திராஜுக்கு யார் சொல்லியும் ஏறாது.

"மரம் உங்க பக்கம் இருக்கலாம் மாமா. மொட்டு என் கையில கீது" என்றாள் சாமுண்டி.

"அதுக்குத்தான் கணக்குப் பாத்துட்டு வந்தேன். யாரு பேர்ல தட கீது சொல்லு? கடைசியா வாங்கினது டீச்சர் பொண்ணு. தை மாசமே கொயந்த பொறந்து, பாலும் ஊத்திட்டா. இப்ப ஒரு பொண்ணும் இல்ல. இரும்பு படலாம்."

அது நிஜம். இப்போதெல்லாம் பெண்கள் மண்டபத்தில் நிச்சயம் வைத்துக்கொள்கிறார்கள், மொட்டு கேட்டு யாரும் வருவதில்லை. இத்தனை காலத்தில் முதல் தடவையாக மரம் யாருடைய காவலும் இல்லாமல் நின்றது.

"உங்க பொண்ணுக்கே அடுத்த வாரம் நிச்சயமாச்சே மாமா. கன்னியம்மாவுக்கு மொட்டு வேணாமா?"

"மாப்ள ஊட்டுக்காரங்க டீசெண்டானவங்க. பூந்தமல்லில ஏசி மண்டபம் சொல்லிகீறேன். ஆளுயரத்துக்கு ரோசா மால. இந்த ஒத்த மொட்ட தலைல சொருவிக்கினு போயி நின்னா சிரிப்பாங்க." தம்பியைப் பார்த்தார். "இன்னாடா, உனுக்கு ஏதாவது சொல்லணுமா?"

தசரதன் களியைப் பார்த்துக்கொண்டே, "நீ பாத்து செய்யி அண்ணே" என்றான்.

அவர் போனதும் சாமுண்டி பிடித்துக்கொண்டாள். "ரயிலையே கயட்டி மாட்றவன்தானே நீ? அண்ணன் முன்னால மட்டும் வாயி வெல்டிங் வச்சாப்ல ஒட்டிக்குதே, எப்டிய்யா?"

"இன்னா பண்ணச் சொல்ற? பத்திரம் அவரு பேர்ல கீது."

"நாளான்னிக்கி அவங்க அறுக்கணும்னா என்னையும் சேத்துத்தான் அறுக்கணும். இத்த மட்டும் உங்க அண்ணன்கிட்ட போயி சொல்லு. வாயி வரலன்னா எயுதிக் காட்டு."

மறுநாள் பூ பறிக்கக் கை ஓடவில்லை அவளுக்கு. கனகாம்பரத்தை வெயில் ஏறுவதற்குள் பறித்து, ஈரத்துணி போர்த்தி, பூந்தமல்லி பஸ்ஸில் ஏற்றியாக வேண்டும். பறித்ததில் பாதி காம்போடு வந்தது, மீதி கசங்கியது. ரோடு போடுகிற லாரிகள் கிளப்பிய செம்மண் புழுதி செடியின் மேலெல்லாம் படிந்திருந்தது. அவள் ஒவ்வொரு கொத்தாக உதறினாள். லாரி போகும்போதெல்லாம் வாய்விட்டுத் திட்டினாள்.

பால்வாடி விட்டதும் சாராள் வந்தாள். விஷயம் ஊரெல்லாம் பரவியிருந்தது.

"அருள்தாஸ் சாருக்குப் போன் போட்டுச் சொல்லட்டா? கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தருவாரு."

"அவரு எயுதறேன்னு சொன்னதுக்கே ரம்பம் வருது. மனு எயுதினா புல்டோசர் வரும். வேணாம் சாராள்."

"அப்ப யாராவது ஒரு பொண்ண மொட்டு வாங்கச் சொல்லலாம். நிச்சயம் ஆவப்போறது யாருன்னு பாப்போம். கோயில் தெருவுல ஒரு பொண்ணு இருக்கா. நான் போய்ப் பேசறேன்."

சாமுண்டி திரும்பி முறைத்தாள். "நீயே போயி கேளுன்னு சொல்லி வாங்க வச்சா அதுக்குப் பேரு மொட்டா? தானா மனசு வந்து கேக்கணும். வேண்டிக்கினு போயி ஒருத்தி தலைல கட்டினா, அப்புறம் மரத்துக்கு ஒண்ணு ஆனா அவ கதி? நான் அந்தப் பாவத்தப் பண்ண மாட்டேன். வெட்ட வரட்டும், நான் நிப்பேன். அவ்ளோதான்."

சொல்லிவிட்டாளே தவிர, சாராள் போன பிறகு வரப்பில் உட்கார்ந்து அழுதாள். ஒரு ஆள் நின்றால் இழுத்து அப்பால் போட்டுவிட்டு அறுப்பார்கள். அது அவளுக்கும் தெரியும்.

விளக்கு வைக்கிற நேரம், எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள் முன்னால் வந்து நின்றாள் கன்னியம்மா. எத்திராஜின் ஒரே மகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். கம்பெனி நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, தலையெல்லாம் நூல் பிசிறு. கையில் வெற்றிலைத் தட்டு.

"சித்தி, மொட்டு குடு."

சாமுண்டி தவிட்டுக் கையை உதறிவிட்டு எழுந்தாள். மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. துள்ளிய வேகத்தில் அடங்கியும் போனது.

"உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வுடுவாரா?"

"அப்ப கிடையாது. போ."

கன்னியம்மாவுக்கு முகம் சிவந்தது. "கேட்டு வந்தவளுக்கு இல்லன்னு சொன்னதா சரித்திரம் கிடையாதுன்னு நீதானே பீத்திக்குவ?"

"இன்னிக்கிச் சொல்றேன், வச்சிக்கோ. ஏண்டி, உனுக்குப் புரியுதா? இப்ப குடுத்துட்டேன்னு வையி. காலைல உங்கப்பன் வெட்டுவாரு. அவரு பிடிவாதம் எனுக்குத் தெரியும். நாளைக்கி உனுக்கு ஒரு மாசம் தள்ளிப்போயி, அது தங்காமப் போச்சின்னா ஊரு இன்னா சொல்லும்? அப்பன் மரத்த வெட்டினான், பொண்ணு வயிறு போச்சின்னு சொல்லும். மாப்ள ஊடு சும்மா இருக்குமா? என் சண்டைய உன் வயித்துல கட்ட மாட்டேன். ஊட்டுக்குப் போ."

"உன் சண்டைக்கா வந்தேன்னு நென்ச்ச?" கன்னியம்மா தட்டைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். "மாப்ள பாத்தது நைனா. தேதி குறிச்சது நைனா. மண்டபம், பொடவ, மால, எத்தினி பவுனு, எல்லாம் நைனா. என்ன ஒரு வார்த்த கேட்டாரா? அந்தக் கல்யாணத்துல நானா கேக்கறது இந்த மொட்டு ஒண்ணுதான் சித்தி. சின்ன வயசுலேர்ந்து ஒவ்வொருத்தியும் வாங்கிக்கினு போறதப் பாத்துக்கினு நின்னவ நானு. எனுக்கு மட்டும் ரோசாவா?"

"மாப்ள இன்னா சொல்லுவாரோ."

"எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுல பாத்து சொல்லிட்டேன். எங்கூர்ல மொட்டு இல்லாம நிச்சயம் இல்லன்னேன். சரின்னாரு. வேணாம்னு சொல்லியிருந்தா அவரையும் வேணாம்னு சொல்லியிருப்பேன்."

சாமுண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது.

"ஊரு பேசும்டி."

"பேசட்டும். எனுக்கு ஆவறது ஆவும், ஆவாதது ஆவாது. கம்பெனில நாள் பூரா குனிஞ்சி தைக்கறேன், அதுல போவாத வயிறு இதுலயா போவும்? ஆனா நீ இல்லன்னு சொல்லி அனுப்புனா, மரத்துல மொத வெட்டு எங்கப்பன் போட்டதில்ல. நீ போட்டது."

சாமுண்டி கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரப் புடவையோடு மரத்தடிக்கு வந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கைக்கு எட்டிய கிளையை வளைத்துப் பார்த்தாள். நாளைக்கு விரிகிற மாதிரி நுனி லேசாக வெளுத்த மொட்டாக ஒன்றைக் கிள்ளி, நீலக் கோட்டுப் போட்ட பெண்ணின் கையில் வைத்தாள். வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அதிலிருந்து ஒரு பாக்குக்கூட எடுக்கவில்லை, கொடுப்பவள் எதுவும் வாங்கக் கூடாது.

காலையில் வெயில் வருவதற்கு முன்னால் லாரி வந்துவிட்டது. அறுப்புக்கார மேஸ்திரி வீராசாமியும் அவர் ஆட்களும் கயிறு, ரம்பம், கோடாலியோடு இறங்கினார்கள். புரோமோட்டரின் ஆள் இராமகிருஷ்ணன் வெள்ளைச் சட்டையில் புழுதி படாமல் தள்ளி நின்றான். எத்திராஜ் முன்னால் வந்தார். மரத்தடியில் சாமுண்டி அடுப்பு மூட்டி நாஸ்தாவுக்கு இட்லிப் பானை ஏற்றியிருந்தாள். எருமையை வேரில் கட்டியிருந்தாள். பக்கத்தில் தசரதன் டியூட்டிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தான். வாய் இன்னும் திறக்கவில்லை, ஆனால் உட்கார்ந்திருந்தான். சாராளும் ஊர்ப் பெண்கள் சிலரும் வரப்பில் நின்றார்கள்.

"எயுந்து போம்மே. அசிங்கமாயிடும்" என்றார் எத்திராஜ்.

"இட்லி வேவுது மாமா. துன்னுட்டு அசிங்கப்படுத்துங்க."

அதற்குள் கன்னியம்மா மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள். எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய சடையில் அந்தப் பூ விரிந்திருந்தது. அதன் வாசனை லாரி டீசல் புகையையும் மீறி வந்தது. வீராசாமி அதைப் பார்த்தார், பெண்ணின் முகத்தைப் பார்த்தார், கோடாலியைக் கீழே போட்டார்.

"யோவ், உன் பொண்ணு மொட்டு வாங்கிகீது. எனுக்கும் ரெண்டு பொண்ணு கீது. நான் தொட மாட்டேன். ஆளுங்களும் தொட மாட்டாங்க." ஆட்கள் லாரி ஓரம் போய் நின்றுகொண்டு பீடி பற்றவைத்தார்கள்.

எத்திராஜ் மகளின் சடையையே பார்த்தார். பெற்ற மகள்! அதுவும் புரோமோட்டர் ஆள் முன்னால்! "எல்லாம் கட்டுக்கத. பூவுக்கும் வயித்துக்கும் இன்னாடா சம்பந்தம்?" என்று கத்தினார். குனிந்து கோடாலியை எடுத்தார். சாமுண்டி எழுவதற்குள் அடுப்பைத் தாண்டிப் போய் அடிமரத்தில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

பட்டை தெறித்தது. வெள்ளையாகச் சதை தெரிந்து, நீர் கசிந்தது. பெண்கள் ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். தசரதன் எழுந்து, "அண்ணே, வேணாம்!" என்று கத்தியே விட்டான்.

கன்னியம்மா மட்டும் கத்தவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னொண்ணு போடு நைனா. எனுக்குப் பயம் இல்ல. எனுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா உனுக்குப் பயம் வரும். நாளைக்கி எனுக்குத் தலவலின்னு சேதி வந்தாலும் உனுக்கு இந்த வெட்டுதான் ஞாபகத்துக்கு வரும். மாசமா கீறேன்னு சேதி வந்தா பத்து மாசமும் நீ தூங்க மாட்ட. எனுக்காவ இல்ல, உனுக்காவச் சொல்றேன். தூங்க மாட்டேன்னா போடு."

எத்திராஜ் கோடாலியைத் தோள் உயரம் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. மகளின் கண்ணைப் பார்த்தார், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் கண்ணில்தான் இருந்தது. கோடாலி நழுவி எருமைக்குப் பக்கத்தில் விழுந்தது. எருமை ஒரு உதை விட்டது.

"எனுக்குன்னு வந்து பொறந்தியே" என்றார்.

சாமுண்டி அந்த வெட்டைத் தடவிப் பார்த்தாள். எருமைச் சாணியையும் செம்மண்ணையும் பிசைந்து ஒரு உருண்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"பூசுங்க."

"நானா?"

"பின்ன யாரு, கல்கத்தாக்காரனா வருவான்? வெட்டின கைதான் பூசணும். பூசுங்க மாமா, காயறதுக்குள்ள."

எத்திராஜ் சுற்றிலும் பார்த்தார். யாரும் அவருக்காகப் பேசவில்லை, தம்பிகூட. சாணியை வாங்கி, குனிந்து, வெட்டின இடத்தில் அப்பினார். இராமகிருஷ்ணன் மெதுவாகக் கிட்டே வந்தான்.

"சார், பிளான்ல ரோடு நேரா கீதே சார். ஓனருக்கு நான் இன்னா சொல்றது?"

எத்திராஜ் சாணிக் கையோடு திரும்பினார். "வளைச்சிப் போடச் சொல்லுய்யா! நடு ரோட்டுல மாடு படுத்தா சுத்திக்கினு போறான் இல்ல? அந்த மாதிரி சுத்திக்கினு போவட்டும். அதுக்குமேல பேசினான்னா மனையே கிடையாதுன்னு சொல்லு."

சொல்லிவிட்டு மறுபடி மரத்துப் பக்கம் திரும்பினார். சாமுண்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் பூசுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியில வுட்டுட்டீங்க மாமா" என்றாள். "அங்கயும் பூசுங்க."